அப்டேட் போட்டதும் ஃபில்டர் எல்லாம் காணோம்: புது அக்கவுன்ட் சேர்க்கும் முன்

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனியில் கணக்கையும் கணினியையும் நான்தான் பார்க்கிறேன். ஆறு கணினிகளில் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலின் 78-ஆம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் டொமைன் மெயில் பாப் முறையில் (சர்வரிலிருந்து மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) இறங்கும். பையர் வாரியாக, சி.எச்.ஏ. (சுங்க முகவர்), வங்கி, கெமிக்கல் சப்ளையர் என்று, வரும் மெயிலைத் தானாகப் பிரித்து ஃபோல்டரில் போட நாற்பதுக்கு மேல் ஃபில்டர் போட்டிருந்தோம். போன வாரம் டிஸ்பாட்ச் கணினியில் மட்டும் புதிய பதிப்பை இறக்கிப் போட்டேன். திறந்தால் ஒன்றுமே இல்லை; அக்கவுன்ட் சேர்க்கச் சொன்னது. சேர்த்தேன். பதினோராயிரம் மெயில் மறுபடி இறங்கியது. ஃபில்டர், கையொப்பம், முதலாளிக்குத் தானாகப் போகும் பிசிசி (மறைநகல்), ஆட்-ஆன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்), பெரிய எழுத்து எல்லாம் போச்சு. இன்வாய்ஸ் எது, விளம்பரம் எது என்று தெரியாமல் டிஸ்பாட்ச் ஆட்கள் திண்டாடுகிறார்கள். பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா? மீதி ஐந்து கணினியை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எதுவும் அழியவில்லை. பழைய அமைப்பு முழுவதும் அதே கணினியில் தொடப்படாமல் இருக்கிறது. நீங்கள் சரிசெய்ய வேண்டியது அப்டேட் செய்த கோளாறை அல்ல. அப்டேட்டுக்குப் பிறகு பதற்றத்தில் சேர்த்த புது அக்கவுன்ட் செய்துகொண்டிருப்பதை. சர்வரில் உள்ள மெயிலை இத்தனை நாளில் அழிப்பது என்ற கணக்கு அதில் ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் அதை நிறுத்துங்கள்.

டிஸ்பாட்ச் கணினியில் தண்டர்பேர்டின் 'ஃபைல்' மெனுவில் 'ஆஃப்லைன்', அதற்குள் 'வொர்க் ஆஃப்லைன்' கொடுங்கள். பிறகு 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'சர்வர் செட்டிங்ஸ்' போய்ப் பாருங்கள். 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்பதற்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'ஃபார் அட் மோஸ்ட்' இத்தனை நாள் என்பது. புதிதாகச் சேர்த்த பாப் அக்கவுன்ட்டில் பெரும்பாலும் 14 என்று டிக்கோடு வரும். இன்னொன்று 'அன்டில் ஐ டிலீட் தெம்'. இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். மேலே உள்ள 'லீவ் மெசேஜஸ்' டிக் மட்டும் இருக்கட்டும்.

காரணம் இதுதான். முதல் கட்டத்தில் டிக் இருந்தால், அந்த நாள் கணக்கு முடிந்ததும் தண்டர்பேர்ட் சர்வரில் உள்ள பிரதியை அழித்துவிடும். இரண்டாவதில் டிக் இருந்தால், இரட்டிப்பாக வந்த பதினோராயிரத்தை யாராவது நல்லெண்ணத்தோடு 'செலக்ட் ஆல், டிலீட்' செய்த மறு நிமிடமே சர்வரிலும் போய்விடும். அப்டேட்டுக்குப் பிறகு மெயில் நிஜமாகவே தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே அந்த இரட்டிப்பு மெயிலை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

இனி ஏன் காலியாகத் திறந்தது என்று பார்ப்போம். தண்டர்பேர்ட் நிரல் ஓரிடத்தில் இருக்கும், உங்கள் மெயில், ஃபில்டர், கடவுச்சொல், கையொப்பம் எல்லாம் ப்ரொஃபைல் என்ற வேறொரு ஃபோல்டரில் இருக்கும். 2019-ல் வந்த 68-ஆம் பதிப்பு முதல், நிரல் எந்த ஃபோல்டரில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதற்கென்று தனி ப்ரொஃபைல் என்று ஆகிவிட்டது. உங்கள் 78 பெரும்பாலும் 32 பிட்; அது விண்டோஸில் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)' என்ற ஃபோல்டரில் உட்காரும். இப்போது இணையத்திலிருந்து இறக்கியது 64 பிட். அது வெறும் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போயிருக்கும். இடம் மாறியதால் தண்டர்பேர்ட் இதைப் புது நிறுவலாகக் கருதி, ஒரு வெற்று ப்ரொஃபைலை உருவாக்கி உங்கள் முன் நீட்டிவிட்டது. புது வீட்டுக்குள் நின்றுகொண்டு பழைய பீரோவைத் தேடுகிறீர்கள். பீரோ பழைய வீட்டிலேயே பூட்டியபடி இருக்கிறது.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. அந்தப் பழைய ப்ரொஃபைலைப் புதிய பதிப்பு இன்னும் தொடவே இல்லை. தொட்டபின் அதில் உள்ள சில தரவுத்தளங்கள் புதிய வடிவத்துக்கு மாறும். பிறகு 78 அதைத் திறக்க மறுக்கும். எனவே நகல் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு நடுவில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதற்குள் உள்ள தண்டர்பேர்ட் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். 'ப்ரொஃபைல்ஸ்' மட்டும் போதாது. எந்த நிறுவலுக்கு எந்த ப்ரொஃபைல் என்று குறித்து வைத்திருக்கும் ப்ரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ, இன்ஸ்டால்ஸ்.ஐஎன்ஐ என்ற இரண்டு சின்னக் கோப்புகள் வெளியேதான் இருக்கின்றன.

நகலை பென்டிரைவில் எடுப்பதாக இருந்தால் அது எந்த ஃபார்மேட்டில் இருக்கிறது என்று பாருங்கள். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் அத்தனையையும் ஒரே கோப்பில் அடுக்கி வைக்கும். வருஷக்கணக்காக பிடிஎஃப் இன்வாய்ஸும் லெதர் சாம்பிள் படங்களும் சேர்ந்த இன்பாக்ஸ் 4 ஜிபியைத் தாண்டியிருக்கலாம். ஃபேட்32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. டிரைவ் பாதி காலியாக இருந்தாலும், கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி மறுக்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிய டிரைவில் எடுங்கள். எடுத்து முடித்ததும் மூலத்தின் மொத்த அளவும் நகலின் அளவும் ஒன்றா என்று வலது க்ளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் பார்த்துவிடுங்கள்.

இப்போது பழைய ப்ரொஃபைலுக்கு மாறலாம். தண்டர்பேர்டைத் திறந்து 'ஹெல்ப்', 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போங்கள். முதல் அட்டவணையில் 'ப்ரொஃபைல்ஸ்' என்ற வரியில் ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் இந்தக் கணினியில் உள்ள ப்ரொஃபைல்கள் எல்லாம் வரிசையாக வரும். பெயர்கள் 'டிஃபால்ட்-ரிலீஸ்', 'டிஃபால்ட்-ஈஎஸ்ஆர்' என்று ஒன்றுபோலவே இருக்கும், சிலவற்றின் முடிவில் ஓர் எண் ஒட்டியிருக்கும். பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஓபன் ஃபோல்டர்' பட்டன் உண்டு. திறந்து, உள்ளே 'மெயில்' ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளின் தேதியைப் பாருங்கள். நீங்கள் அப்டேட் போட்ட நாளுக்கு முந்தைய தேதியோடு நின்றுபோனது பழையது. அதற்கு நேரே 'செட் ஆஸ் டிஃபால்ட் ப்ரொஃபைல்' கொடுத்து, மூடித் திறங்கள்.

திறந்ததும் பழைய ஃபோல்டர்கள், நாற்பது ஃபில்டர்கள், பிசிசி, கையொப்பம் எல்லாம் வந்து நிற்க வேண்டும். அதோடு இந்த ஒரு வாரத்தில் வந்த மெயில்களும் தாமாகவே இறங்கும், ஃபில்டர் வழியாகவே இறங்கும். பதினோராயிரமும் மறுபடி இறங்காது. காரணம், பழைய ப்ரொஃபைலில் பாப்ஸ்டேட்.டேட் என்ற கோப்பு இருக்கிறது. சர்வரில் உள்ள ஒவ்வொரு மெயிலின் அடையாளத்தையும் குறித்து வைத்து, இது ஏற்கெனவே வாங்கியது, இது புதியது என்று பிரிப்பது அதன் வேலை. புது ப்ரொஃபைலில் அந்தக் கோப்பு இல்லாததால்தான் எல்லாமே புதியதாகத் தெரிந்து பதினோராயிரமும் வந்து கொட்டியது.

ஒன்று மட்டும் தானாக வராது: இந்த ஒரு வாரத்தில் டிஸ்பாட்ச் ஆட்கள் அனுப்பிய பதில்கள். பாப் முறையில் அனுப்பிய மெயில் சர்வரில் தங்காது. புது ப்ரொஃபைலின் 'சென்ட்' கோப்பில்தான் இருக்கும். பையருக்கு ஷிப்பிங் பில் நகல் அனுப்பினோமா இல்லையா என்று நாளைக்குத் தகராறு வந்தால் அது வேண்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, புது ப்ரொஃபைலில் 'மெயில்', அதற்குள் உங்கள் சர்வர் பெயர் கொண்ட ஃபோல்டருக்குள் போனால் 'சென்ட்' என்று எக்ஸ்டென்ஷன் இல்லாத கோப்பு ஒன்றும், அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் கோப்பு ஒன்றும் இருக்கும். எக்ஸ்டென்ஷன் இல்லாததை மட்டும் நகலெடுத்து, பெயரை ஆங்கிலத்தில் 'சென்ட்2' என்று மாற்றி, பழைய ப்ரொஃபைலின் 'மெயில்', 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' ஃபோல்டருக்குள் போடுங்கள். திறந்தால் லோக்கல் ஃபோல்டர்ஸின் கீழ் சென்ட்2 தெரியும். மெயில்களைத் தேர்ந்தெடுத்துப் பழைய சென்ட்டுக்கு இழுத்துவிடலாம். எம்எஸ்எஃப் என்பது வெறும் அட்டவணை. தண்டர்பேர்ட் அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

புது ப்ரொஃபைலை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். டிஸ்கில் இடம் பிடிக்கிறதே என்று கவலைப்படும் நேரம் இதுவல்ல.

ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதிகம் அடிபடுவது இதுதான். ஃபில்டர்கள் எம்எஸ்ஜிஃபில்டர்ரூல்ஸ்.டேட் என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் தனித்தனிக் கோப்பு, அந்தந்த சர்வர் ஃபோல்டருக்குள். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். அதில் 'இந்த பையரிடமிருந்து வந்தால் இங்கே போடு' என்ற வரியில், போய்ச் சேரவேண்டிய ஃபோல்டர் அதன் பெயரால் மட்டும் எழுதப்பட்டிருக்காது. அக்கவுன்ட் வகை, பயனர் பெயர், சர்வர் பெயர், ஃபோல்டர் என்று முழு முகவரியாக எழுதப்பட்டிருக்கும். இதனால்தான் அக்கவுன்ட்டை அழித்துவிட்டு வேறு சர்வர் பெயரிலோ பயனர் பெயரிலோ மறுபடி சேர்த்தாலும், பாப் விட்டு ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) மாறினாலும், ஹோஸ்டிங் கம்பெனி சர்வர் பெயரை மாற்றினாலும் ஃபில்டர் செத்துப்போகிறது. கோப்பைக் கொண்டுவந்து புது ஃபோல்டரில் போட்டாலும் அது பழைய முகவரிக்கே மெயிலை அனுப்பப் பார்க்கும்.

உங்களுக்கு இப்போது இந்த வேலை தேவைப்படாது, பழைய ப்ரொஃபைல் அப்படியே இருப்பதால். ஆனால் பழைய ப்ரொஃபைலையே யாராவது அழித்துவிட்ட கணினியில் பேக்கப்பிலிருந்து ஃபில்டர் கோப்பு மட்டும் கிடைத்தால் வழி உண்டு. தண்டர்பேர்டை மூடுங்கள், மூடாமல் செய்தால் அது வெளியேறும்போது உங்கள் கோப்பின் மேல் தன்னுடையதை எழுதிவிடும். கோப்பைப் புது சர்வர் ஃபோல்டரில் போடுங்கள். புது அக்கவுன்ட்டில் கையால் ஒரே ஒரு மாதிரி ஃபில்டர் முன்னதாகப் போட்டு வைத்திருந்தால், அதன் முகவரி எப்படி எழுதப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அதைப் பார்த்துப் பழைய முகவரியின் முன்பகுதியை 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்து மாற்றுங்கள். பயனர் பெயரில் உள்ள அட் குறி சதவீதக் குறியோடு 40 என்று இருக்கும். அதைத் திருத்திவிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். ஃபில்டர் போய்ச் சேரும் ஃபோல்டர்கள் முன்னதாகவே இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆட்-ஆன் உதவியோடு போட்ட ஃபில்டர்கள் தனிக் கதை. ஃபில்டாகுவில்லா போன்ற ஆட்-ஆன்கள் தண்டர்பேர்டில் இல்லாத நிபந்தனைகளையும் செயல்களையும் ஃபில்டருக்குள் கொடுக்கும். ஆட்-ஆன் இல்லாத நிலையில் அப்படிப்பட்ட ஃபில்டரை இயக்கப்போனால், இது வேறு பதிப்பில் உருவானது, எப்படி நடத்துவது என்று தெரியவில்லை என்று சொல்லி மறுக்கும். அதை அழித்துவிட வேண்டாம். ஆட்-ஆன் மேனேஜரில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுத்து, உங்கள் பதிப்புக்கு ஏற்றது வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் ஃபில்டர் உயிர்பெறும்.

ஃபில்டர் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' ஜன்னலில் 'ஃபில்டர் லாக்' என்ற பட்டன் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எந்த மெயில் எந்த ஃபில்டரால் எங்கே போனது என்று ஒவ்வொன்றாக எழுதும். இரண்டு நாள் ஓடவிட்டுப் படியுங்கள். நாற்பதில் ஏழெட்டு ஃபில்டர் இப்போது வராத பையருக்கும், மாறிப்போன வங்கி முகவரிக்கும் போட்டதாக இருக்கும் என்பது என் ஊகம். களைந்துவிட அதுவே நல்ல சந்தர்ப்பம்.

மற்ற ஆட்-ஆன்கள் பற்றி. 2020-ல் வந்த 78 முதலே தண்டர்பேர்ட் மெயில்எக்ஸ்டென்ஷன் என்ற முறையில் எழுதியவற்றை மட்டும்தான் ஏற்கிறது. 78-ல் ஓடியது என்பதற்காக இன்றைய பதிப்பிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. பல ஆட்-ஆன்கள் நிரலின் உள்பாகங்களைத் தொட்டு வேலை செய்கின்றன, உள்பாகம் மாறும்போதெல்லாம் அவற்றை எழுதியவர் திருத்தித் தர வேண்டும். மெயிலை மொத்தமாக வெளியே எடுக்கும் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது. ஒரே மாதிரி பதில் அனுப்புவதற்காக ஏதாவது ஆட்-ஆன் வைத்திருந்து அது நின்றுபோயிருந்தால் அதைத் தேடி அலைய வேண்டாம்: எழுதும் ஜன்னலில் 'சேவ் ஆஸ்', 'டெம்ப்ளேட்' கொடுத்தால் போதும், 'ரிப்ளை வித் டெம்ப்ளேட்' என்று ஃபில்டரிலேயே ஒரு செயலும் இருக்கிறது.

எழுத்தைப் பெரிதாக்க முன்பு இருந்தவர் ப்ரொஃபைலுக்குள் 'க்ரோம்' என்ற ஃபோல்டர் வைத்து அதில் யூசர்க்ரோம்.சிஎஸ்எஸ் என்ற கோப்பைப் போட்டிருப்பார். 2023-ல் வந்த 115-ஆம் பதிப்பில் திரையின் கட்டமைப்பையே மாற்றி எழுதிவிட்டார்கள். பழைய கோப்பு குறிப்பிடும் பாகங்கள் பல இப்போது இல்லை. பாதி வேலை செய்து பாதி செய்யாமல் திரை கோணலாகத் தெரியலாம். அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒதுக்கிவிடுங்கள். வலது மேல் மூலை மெனுவிலேயே 'ஃபான்ட் சைஸ்', 'டென்சிட்டி' இரண்டும் வந்துவிட்டன. மெயில் பட்டியல் அட்டை அட்டையாகத் தெரிந்து ஆட்கள் முகம் சுளித்தால், பட்டியலின் மேலே உள்ள சின்ன மெனுவில் 'டேபிள் வியூ' கொடுங்கள்; 'வியூ', 'லேஅவுட்'டில் 'க்ளாசிக் வியூ' கொடுத்தால் பழைய பழக்கத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 78-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வருடங்கள் ஆகின்றன. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று பையர் பெயரில் போலி மெயில் வரும் தொழிலில் இருந்துகொண்டு அதை ஓட்டக்கூடாது. அப்படியே திரும்பினாலும், புதிய பதிப்பு ஒருமுறை திறந்த ப்ரொஃபைலைப் பழையது ஏற்காது. 'அலவ்-டவுன்கிரேட்' என்ற சுவிட்ச் போட்டு வற்புறுத்தித் திறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். திறக்கும்; உள்ளே என்ன சேதமாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திரும்பிப் போக ஒரே நேர்மையான வழி, தொடுவதற்கு முன் எடுத்த நகல்.

இனி மீதி ஐந்து கணினிகள். இவற்றில் இணையத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட வேண்டாம். 'ஹெல்ப்', 'அபௌட் தண்டர்பேர்ட்' வழியாகவே அப்டேட் கொடுங்கள். நிரல் இருந்த ஃபோல்டரிலேயே புதுப்பிக்கும், அதனால் ப்ரொஃபைல் மாறாது. 78 மிகப் பழையது என்பதால் ஒரே தாவலில் ஏறாமல் இடையில் நின்று, மறுபடி மூடித் திறந்து, பல கட்டமாக ஏறலாம். பொறுமையாக விடுங்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் என்னென்ன மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'கான்ஃபிக் எடிட்டர்' இருக்கிறது. அதில் இயல்பு நிலையிலிருந்து மாறியவை தடித்த எழுத்தில் தெரியும். பட்டியல் நீளமாக இருக்கும், முக்கால்வாசி நிரல் தானே எழுதிக்கொண்டது. சர்வர், போர்ட், பிசிசி, கையொப்பக் கோப்பு இருக்கும் இடம் ஆகியவற்றை அக்கவுன்ட் செட்டிங்ஸ் பக்கங்களை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தாலே போதும். ஐந்து நிமிட வேலை.

அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'லோக்கல் டைரக்டரி' (மெயில் சேமிக்கப்படும் இடம்) என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று யாராவது மெயில் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தால், நீங்கள் எடுக்கும் ப்ரொஃபைல் நகலில் மெயிலே இருக்காது. அதைவிட மோசம், அந்த நகலைத் திறந்து சோதித்தால் அது டி டிரைவில் உள்ள அசல் மெயிலையே தொடும். அப்படி இருக்கும் கணினியில் டி டிரைவ் ஃபோல்டரையும் தனியாக நகலெடுக்க வேண்டும்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதக் கடைசியில், கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும் வாரத்தில் இதைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று உங்கள் துணை மின் நிலையத்துக்கு அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ப்ரொஃபைல் முதன்முறை புதிய பதிப்பில் திறந்து வடிவம் மாறும்போதும், ஃபோல்டர்கள் 'காம்பாக்ட்' ஆகும்போதும் (அழித்த மெயிலின் இடத்தை நீக்கிக் கோப்பு சுருங்கும்போதும்) மின்சாரம் போனால் 3, 4 ஜிபி இன்பாக்ஸ் கோப்பு நடுவில் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கும் கணினியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு கணினியை முடித்து, மூன்று நாலு வேலை நாள் ஓடவிட்டு, பிறகு அடுத்தது.

அப்டேட் முடிந்ததும் கடவுச்சொல் கேட்டுத் தொல்லை செய்தால், அது அப்டேட்டின் வேலையா சர்வரின் வேலையா என்று பிரித்துப் பாருங்கள். ஒரே அக்கவுன்ட் போனில் சரியாக வந்து கணினியில் மட்டும் வராவிட்டால் கணினிப் பக்கம். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் நீங்கள் கொடுத்திருக்கும் சர்வர் பெயருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் சான்றிதழில் உள்ள பெயருக்கும் பொருத்தம் இல்லை என்று அர்த்தம். 'எக்ஸெப்ஷன்' கொடுத்துத் தாண்டாமல், சரியான சர்வர் பெயரை அவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். பாப் என்றால் போர்ட் 995, அனுப்புவதற்கு 465 அல்லது 587. அலுவலகத்தில் ஜிமெயில் அக்கவுன்ட்டும் இருந்தால், கூகுள் தனிநபர் அக்கவுன்ட்டுகளுக்கு வெறும் கடவுச்சொல்லால் நுழைவதை 2022 மே 30-லேயே நிறுத்தத் தொடங்கிவிட்டது. 'ஆதன்டிகேஷன் மெத்தட்' ஓஆத்2 (கூகுளின் பக்கத்திலேயே உள்நுழைந்து அனுமதி தரும் முறை) என்று இருக்க வேண்டும். வாங்கும் சர்வரில் மாற்றிவிட்டு 'அவுட்கோயிங் சர்வர்' பக்கத்தில் மாற்ற மறப்பதுதான் வழக்கமான தவறு: மெயில் வரும், போகாது.

இதைப் படிக்கும் அவுட்லுக் பயனர்களுக்கு ஒரு வார்த்தை. 'நியூ அவுட்லுக்' என்ற சுவிட்சைத் தள்ளியதும் மேக்ரோ, பழைய காம் ஆட்-ஆன் எல்லாம் நின்றுவிட்டதென்றால் தேடிச் சரிசெய்ய முயல வேண்டாம். புதிய அவுட்லுக் அவற்றை ஏற்பதே இல்லை. டேலி, இஆர்பி போன்றவற்றோடு அப்படி இணைத்து வைத்திருப்பவர்கள் அதே சுவிட்சைத் திருப்பித் தள்ளிப் பழைய அவுட்லுக்கிலேயே இருக்கலாம்.

அடுத்த அப்டேட்டில் இந்தக் கூத்து வராமலிருக்க, ஆறு கணினியிலும் ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வைத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் முதல் தண்டர்பேர்டின் இறக்கப் பக்கம் மாதாமாதம் மாறும் 'ரிலீஸ்' பதிப்பையே முன்னால் வைக்கிறது. ஈஎஸ்ஆரில் பெரிய மாற்றம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். நடுவில் வருபவை பாதுகாப்புத் திருத்தங்கள். ஆட்-ஆன் எழுதுபவர்களும் பெரும்பாலும் அதைக் குறிவைத்தே திருத்துகிறார்கள். தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைக்க மட்டும் வேண்டாம். அப்படி நிறுத்தி வைத்ததால்தான் 78-லிருந்து இத்தனை பதிப்புகளை ஒரே நாளில் தாண்ட வேண்டிவந்தது.

இவ்வளவையும் செய்தபின், ஃபில்டரைக் கணினியில் வைக்காமல் சர்வரிலேயே வைத்துவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல யோசனைதான். ஹோஸ்டிங் கம்பெனியின் வெப்மெயிலிலோ கன்ட்ரோல் பேனலிலோ ஃபில்டர் போடும் வசதி இருக்கும், எந்தக் கணினியில் எது மாறினாலும் அது மாறாது. ஆனால் பாப் முறையில் இருக்கும்வரை அதைச் செய்யாதீர்கள். பாப் சர்வரின் இன்பாக்ஸை மட்டும்தான் பார்க்கும். சர்வர் ஃபில்டர் ஒரு பையரின் மெயிலை வேறு ஃபோல்டருக்குத் தள்ளினால் அந்த மெயில் உங்கள் கணினிக்கு வரவே வராது, ஆர்டர் வந்ததே தெரியாமல் போகும். முதலில் ஐமேப், பிறகு சர்வர் ஃபில்டர் என்பதுதான் வரிசை. ஐமேப் மாறுவதற்கு முன் ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் எத்தனை ஜிபி கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 1 ஜிபி மட்டும் என்றால் உங்கள் இன்பாக்ஸ் அதில் அடங்காது. அந்த வேலையை இந்த அப்டேட்டோடு சேர்க்காமல், ஆறு கணினியும் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியபின் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.